எம் தந்தையார் வரைந்த வட்டங்கள்

பொறியும் முத்திரையும் தமிழர்க்குப் புதியன அல்ல. சேரர்க்கு வில்லும் சோழர்க்குப் புலியும் பாண்டியர்க்குக் கயலும் உரியனவாக இருந்தமை பள்ளிச் சிறாரும் அறிந்த செய்தியே. பட்டினப்பாலையைப் பாடம் சொல்லும்போதெல்லாம், காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச் சாவடியில் குவிந்து கிடக்கும் பண்டப் பொதிகளின்மேல் சோழனின் புலிப்பொறி இடப்படும் காட்சியில் யாம் சற்றே கூடுதலாக நின்றுவிடுவது வழக்கம். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையிலும், வணிகர் தம் பெயர் எழுதிவைத்த பொதிகள் காவலின்றிக் கிடக்கக் காண்கிறோம். அங்கும் நிற்போம். தேர்வுக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டு நகரமாட்டாரா இவர் என்று மாணவர் எம்மை நோக்குவர். யாம் நகராமைக்குக் காரணம் இலக்கிய ஈடுபாடு என்றே அவர்கள் இதுகாறும் எண்ணியிருக்கக்கூடும். உண்மை வேறு. எம் தந்தையார் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். அவர் தூரிகையால் எழுதிய நிறுவன இலச்சினைகளின் வருவாயில் படித்துத்தான் யாம் பட்டினப்பாலைக்கு வந்து சேர்ந்தோம்.

அவர் கடை, தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரின் பேருந்து நிலையத்துக்கு எதிரே, தையற்கடைக்கும் மிதிவண்டிக் கடைக்கும் இடையில், எட்டடி அகலத்தில் இருந்தது. டர்பன்டைன் வாடை எக்காலமும் அகலாத இடம். வருவோர்க்கு வெற்றுப் பெயின்ட் டப்பாக்களே இருக்கைகள். அவற்றுள் பலவற்றின்மேல், கையில் தூரிகையும் வண்ண வாளியுமாக, நெற்றியில் மயிர் விழ நிற்கும் குறும்புச் சிறுவன் ஒருவன் இருப்பான். ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனத்துக்காக ஆர்.கே. லட்சுமணன் 1954இல் வரைந்த ‘கட்டு’ என்னும் அச்சிறுவனை, எம் தந்தையாரின் இளமைக்காலப் படமென்றே யாம் நெடுநாள் நம்பியிருந்தோம். இலச்சினை என்ற சொல்லை அறியும் முன்னரே இலச்சினை ஒன்றனோடு உறவு கொண்டாடிவிட்டோம் போலும்.

தொழிலின் முறை எளிது போல் தோன்றும்; எளிதன்று. தகரத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிரைமர் பூசி, இருமுறை வெள்ளை அடித்து, காயவிட வேண்டும். பின்னர், நீலப்பொடி தடவிய நூலை இருவர் இரு முனையில் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் தகரத்தில் நேர்கோடு விழும். ஒரு முனை தந்தையார் கையில், மறுமுனை எம் கையில். சிறிய வட்டத்துக்கு மரக்கவராயம். பெரிய வட்டத்துக்குச் சுவரில் அறைந்த ஆணியும் அதில் கட்டிய நூலும். வட்டம் எழுதி முடிந்ததும் ஆணியைப் பிடுங்கித் துளையில் பட்டி வைத்து அடைத்துவிடுவார். அடைத்த இடம் தெரியாதவாறு வண்ணம் தீட்டுவதில் அவருக்கு ஒரு பெருமிதம் இருந்தது.

அவர் மிக விரும்பி எழுதிய இலச்சினை பாரத ஸ்டேட் வங்கியினுடையது. நீல வட்டம், அதன் நடுவே சிறிய வெள்ளை வட்டம், அங்கிருந்து கீழ்நோக்கி இறங்கும் ஒரு வெள்ளைக் கீற்று, அவ்வளவே. சாவித்துளை என்பார் சிலர். பெருவட்டத்துள் நிற்கும் சிறு மனிதன் என்பார் சிலர். அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் இதனை வடிவமைத்தார். 1971இல் வழக்குக்கு வந்தது. அதற்கு முன் அவ்வங்கியின் இலச்சினையில் இருந்தது ஓர் ஆலமரம். தம் ஆசானிடம் தொழில் பயின்றகாலை அவ்வாலமரத்தையும் எழுதியவர் எம் தந்தையார். கிளையும் விழுதும் இலையுமாக அஃது இரண்டு நாளைத் தின்றுவிடுமாம். எழுதுகூலியோ சதுர அடிக் கணக்கு. ஆகவே புதிய வட்டம் வந்தபோது, இந்திய வடிவமைப்பு வரலாற்றில் ஒரு திருப்பம் நிகழ்ந்துவிட்டதென்று அவர் கருதவில்லை. அரை நாளில் முடியும் வேலைக்கு அதே கூலி கிடைக்கிறதே என்றுதான் மகிழ்ந்தார். பிற்காலத்தில் நூல்களைப் புரட்டியபோதுதான், அம்மகிழ்ச்சியும் வரலாற்றுத் திருப்பமும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பது எமக்குப் புலனாயிற்று.

இலச்சினைக்குச் சட்டப் பாதுகாப்பு என்பது சற்றேறக்குறைய நூற்றைம்பது ஆண்டு வரலாறு உடையது. இங்கிலாந்தில் 1875இல் வணிகக்குறிப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டு, 1876 சனவரி முதல் நாளன்று பதிவு தொடங்கியபோது, முதல் எண்ணைப் பெற்றது பாஸ் என்னும் மதுவடி நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம். எவ்வளவு எளிய வடிவம்! ஆயினும் அக்காலத்து நிறுவனங்களிற் பலவும் எளிமையை விரும்பினவல்ல. சிங்கமும் கேடயமும் கொடியும் ஆலையின் புகைபோக்கியும் பதக்கங்களும் ஒருங்கே நெருக்கியடித்து நிற்கும் சித்திரங்களே பெருமை என்று கருதப்பட்டன. கடிதத் தாளில் செப்புத்தகட்டால் நுண்ணிதின் அச்சிட அவை ஏற்றனவாகவும் இருந்தன. எழுத்தையே இலச்சினையாக்கிய நிறுவனங்களும் உண்டு. 1886இல் கோக்க கோலாவின் கணக்கர் ஃபிராங்க் ராபின்சன், அக்காலக் கணக்கர்கள் பயின்ற சுழியெழுத்தில் எழுதித்தந்த பெயரே இன்றளவும் அந்நிறுவனத்தின் முகமாக விளங்குகிறது. கணக்கப்பிள்ளையின் கையெழுத்து ஒன்று இத்தனைத் தலைமுறை வாழ்ந்தமைக்கு வேறு சான்று உண்டோ, யாம் அறியோம்.

மாற்றம் செருமனியில் முளைவிட்டது. ஏ.இ.ஜி. என்னும் மின்பொருள் நிறுவனம் 1907இல் பீட்டர் பெரன்ஸ் என்ற கலைஞரைத் தன் கலை ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. ஆலைக் கட்டடம், விளக்கு, தேநீர்க் கெண்டி, விளம்பரத் தாள், இலச்சினை ஆகிய அனைத்தும் ஒரே கையால் ஒரே முகம் பெற்றன. இம்முறை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவில் செழித்தது. பால் ராண்ட் என்பார் 1956இல் ஐ.பி.எம். நிறுவனத்துக்கு எழுத்திலச்சினை அமைத்தார். 1972இல் அதனையே எட்டுக் கிடைக்கோடுகளாக வகுத்தார். ஐ ஒல்லி, எம் தடி, இடையில் பி. அகலத்தால் ஒன்றோடொன்று ஒவ்வாத மூன்று எழுத்துகளைப் பாய்முடைந்தாற்போல் அக்கோடுகள் பிணைத்துவிட்டன. நிறுவனம் எத்துணைப் பெரிதோ அத்துணைச் சிறிய சித்திரம் போதும் என்பது அக்காலத்தோர் வேதமாயிற்று. ஷெல் நிறுவனத்தின் சிப்பி 1904 முதல் படிப்படியாக மெலிந்து, 1971இல் ரேமண்ட் லோவி கைப்பட்டுத் தன் நிழல்களையெல்லாம் உதிர்த்து, சில கோடுகளாய் நின்றது. அதே 1971இல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் கரோலின் டேவிட்சன் என்னும் மாணவி 35 டாலருக்கு வரைந்து கொடுத்த கீற்று, நைக் நிறுவனத்தை உலகெங்கும் சுமந்து சென்றது. அந்நிறுவனம் பின்னர் 1983இல் அவருக்குப் பங்குகளும் கீற்று வடிவம் பொறித்த மோதிரமும் அளித்ததாகப் படிக்கையில், கூலி பாக்கியைப் பன்னிரண்டாண்டு கழித்தேனும் கொடுத்தார்களே என்று யாம் ஆறுதல் அடைந்தோம். எம் தந்தையாருக்கு அவ்வாறு திரும்பி வந்து கொடுத்தோர் எவருமிலர்.

நம் நாட்டில் இக்கல்வியின் வாயில் 1961இல் அகமதாபாத்தில் திறந்தது. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் தோன்றிய வடிவங்களுள், தூர்தர்ஷனுக்காக அந்நிறுவன மாணவர் தேவாசிஷ் பட்டாச்சார்யா வரைந்தது நம்மிற் பலர்க்கும் மறக்கவொண்ணாதது. ஒரு வட்டத்தை இரு வளைவுகள் தழுவிக்கொள்ளும் அக்கண், மாலையில் தொலைக்காட்சிப் பெட்டியில் சுழன்று வந்து நிற்கும் வரை தெருவே மூச்சடக்கிக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு.

எளிமை ஏன் அக்காலத்து விதியாயிற்று? அழகுக் கொள்கை ஒரு காரணம். அதனை நூலெழுதியோர் விரிவாகவே எழுதியுள்ளனர். அவர்கள் போதிய அளவு சொல்லாத காரணம் ஒன்று எம் தந்தையாரின் கடையில் இருந்தது. ஓர் இலச்சினை செய்தித்தாளின் கருப்பு மையில் அச்சாக வேண்டும். இரப்பர் முத்திரையில் ஒற்றுண்ண வேண்டும். தொலைநகலில் போய்ச்சேர வேண்டும். தொலைதூரத்துச் சிற்றூரில், அவ்விலச்சினை எங்குப் பிறந்ததென்று அறியாத ஒருவர் கயிற்றுச் சாரத்தில் தொங்கியவாறு அதனைச் சுண்ணச் சுவரில் எழுத வேண்டும். கருப்பில் நில்லாத இலச்சினை நில்லாது என்பது அக்கால வடிவமைப்பாளர் முதலிற் கற்ற பாடம். அவ்வகையில் நோக்கின், அகமதாபாத்தில் வரைபலகையின் முன் அமர்ந்திருந்தவர் தம்மையறியாமலே எம் தந்தையாரின் கைக்கு ஏற்ப வரைந்தார் எனலாம். ஒருவரையொருவர் கண்டதில்லை, ஆயினும் ஒருவர்க்காக மற்றவர் சிந்தித்திருக்கிறார்.

1980களின் நடுவில், யாம் மேல்நிலைப் பள்ளியில் பயின்றகாலை, ஒரு நிறுவனத்தின் அலுவலர் சிறு கையேடு ஒன்றைக் கொணர்ந்தார். இலச்சினையை எழுதும் முறை பற்றிய விதிநூல் அது. ஆங்கிலத்தில் இருந்தமையால் படித்துச் சொல்லும் பொறுப்பு எம்மிடம் வந்தது. எம் ஆங்கிலம் அன்று நொண்டி. எனினும் படங்கள் துணை செய்தன. இலச்சினையைச் சுற்றி இவ்வளவு இடம் வெறுமையாக விடப்பட வேண்டும். இதனினும் சிறிதாக எழுதலாகாது. இன்ன நிறத்துக்கு இன்ன எண். கருப்பு வெள்ளையில் எழுதுங்கால் இவ்வாறு. கடைசிப் பக்கத்தில் ‘செய்யத் தகாதன’ என்று எட்டுப் படங்கள், ஒவ்வொன்றின்மேலும் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி: பக்கவாட்டில் இழுக்காதே, சாய்க்காதே, நிழல் சேர்க்காதே, கட்டத்துள் அடைக்காதே என்பன போல. தந்தையார் அப்பக்கத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு வாய்விட்டு நகைத்தார். அவ்வெட்டையும் அவர் எங்கள் ஊர்ச் சுவர்களில் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார். இடம் நீளமாக இருந்தால் இலச்சினையையும் நீளமாக்குவது, பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று மஞ்சளில் ஒரு நிழல் தட்டுவது, இவை அவர் வாடிக்கையாளர்க்கு அளித்துவந்த இலவசச் சேவை! அன்றுமுதல் அவர் மாறினார். ஐந்தாம் வகுப்போடு நின்ற அவர், விதி இன்னதென்று தெரிந்தபின் அதனை ஒருபோதும் மீறவில்லை. அக்கையேட்டைப் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். பிற நிறுவனங்களின் பலகைகளுக்கும் அவ்விதிகளையே கைக்கொண்டார். சுற்றிலும் வெற்றிடம் விடுகிறீரே, காசு கொடுத்த இடமல்லவா என்று ஒரு மருந்துக்கடைக்காரர் சண்டைக்கு வந்ததும் உண்டு.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் காற்று திசைமாறிற்று. கணினித் திரையில் எவ்வளவு வண்ணத்தையும் குழைக்கலாம் என்றானபின், தட்டையான வடிவம் பழமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. பி.பி. எண்ணெய் நிறுவனம் 2000இல் தன் கேடயத்தைக் களைந்து, பச்சையும் மஞ்சளுமாய் விரியும் கதிர்மலரைச் சூடிக்கொண்டது. யு.பி.எஸ். பொதியஞ்சல் நிறுவனத்துக்காக ராண்ட் 1961இல் வரைந்த, நூல்கட்டிய பொட்டலம் அமர்ந்த கேடயம் 2003இல் அகற்றப்பட்டு, ஒளியும் நிழலும் ஏற்றிய கேடயம் வந்தது. சால் பாஸ் 1983இல் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்துக்குக் கோடுகளால் மட்டுமே வனைந்த உருண்டை, 2005இல் ஒளி ஊடுருவும் கண்ணாடிக் கோளமாயிற்று. இந்தியாவிலும் பளபளக்காத இலச்சினை அருகியது. பொருளைத் தொட்டுப் பார்க்கத் தோன்றுமாறு இலச்சினை இருத்தல் வேண்டும் என்பது புதிய விதி. இதனைக் குற்றமென்று யாம் கூறவில்லை. கையில் புதிய கருவி வந்தால் அதன் எல்லை வரை ஓடிப்பார்ப்பது மாந்தர் இயல்பு. புதுப்பேனா வாங்கிய சிறுவன் எதைக் கிறுக்காமல் விட்டான்?

அக்காலத்தில் ஒரு நிறுவனம் தன் புதிய இலச்சினையை எழுதும் வேலையை எம் தந்தையாருக்குத் தந்தது. இடப்புறம் மேலிருந்து ஒளி விழுவதுபோன்ற ஒரு கோளம். ஊதா நிறம் படிப்படியாக வெளிறி வெண்மையாகும். தூரிகைக்கு அஃது இயலாததன்று. இளமையில் திரைப்படப் பதாகைகளில் முகங்களுக்கு நிழல் தீட்டியவர் அவர். ஈரம் காயுமுன் ஒரு நிறத்தை மற்றொன்றுக்குள் இழுத்துக் குழைக்க வேண்டும். எனாமல் விரைந்து காயும். ஆகவே குளிர்ந்த இரவுகளில் வேலை செய்தார். நான்கு இரவுகள். விடுமுறைக்குச் சென்றிருந்த யாம் மின்விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தகரத்தில் ஒரு கோளம் மெல்ல மெல்லத் திரண்டு எழுந்தது. கையால் எடுத்துவிடலாம் போலிருந்தது.

அலுவலர் வந்தார். கணினியில் அச்சிட்ட தாள் ஒன்றைப் பலகையின் அருகே பிடித்தார். இரண்டும் ஒன்றல்ல என்றார். உண்மைதான், ஒன்றல்ல. கையால் குழைத்த நிழல் எண்ணால் கணித்த நிழலோடு ஒவ்வுமாறு எங்ஙனம்? தகரத்துக்கான விலை மட்டும் தரப்பட்டது. பத்து நாள் கழித்து அதே இடத்தில், மதுரையிலிருந்து வந்த ஃபிளெக்ஸ் பலகை ஏறிற்று. தந்தையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தூரிகைகளைக் கழுவி, முடி வளையாமல் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்தார். அதன்பின் மீன்பிடி வலைக்காரர் சங்கத்துக்கும், இறந்தோர் வீட்டு அறிவிப்புக்கும், பள்ளிக்கூடக் கரும்பலகைக்கும் எழுதினாரேயன்றி, பெரிய நிறுவனம் எதற்கும் எழுதவில்லை. எழுதச் சொல்லுவாரும் இல்லை.

இதுவரை சொன்னது பிறர் செய்தது. யாம் செய்தது ஒன்று உண்டு. 2004இல், யாம் அப்போது பணியாற்றிய கல்லூரி ஒன்றில் கருத்தரங்கு நடந்தது. பதாகை ஏற்பாடு எம்முடையது. எவரும் செய்வதையே யாமும் செய்தோம். ஃபிளெக்ஸ் அடிக்கச் சொல்லிவிட்டு, கட்டுரைத் தொகுப்பின் மெய்ப்புத் திருத்துவதில் மூழ்கினோம். மகன் மேடையில் கட்டுரை படிப்பதைக் காணத் தந்தையார் ஊரிலிருந்து வந்திருந்தார். மூன்றாம் வரிசையில், வெள்ளைச் சட்டையில், கைகளை மடிமேல் வைத்து அமர்ந்திருந்தார். யாம் படித்தது பதினைந்து நிமிடம். அவ்வளவு நேரமும் அவர் பார்வை எம்மேல் இல்லை. எமக்குப் பின்னால் இருந்தது. முடிந்தபின் திரும்பிப் பார்த்தோம். பதாகையின் அகலத்துக்கு ஏற்பக் கல்லூரியின் வட்ட இலச்சினை பக்கவாட்டில் இழுக்கப்பட்டு, நீள்வட்டமாய்க் கிடந்தது. அக்கையேட்டின் கடைசிப் பக்கத்தில் முதற்படத்தின் மேல் இருந்த பெருக்கல் குறி எம் கண்முன் வந்தது. அதனைத் தமிழில் படித்துக் காட்டியவரே யாம்தாம்.

பேருந்து நிலையம் வரை நடந்தபோது அவர் கட்டுரையைப் பாராட்டினார். பேருந்தில் ஏறி அமர்ந்து, சன்னல் வழியே, “தம்பி, வட்டம் முட்டையாப் போச்சேப்பா” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எம்மால் சிரிக்க இயலவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பதாகையை அவரே துணியில் எழுதித் தந்திருப்பார். அவரைக் கேட்க வேண்டும் என்னும் நினைவே எமக்கு எழாமற் போயிற்று.

அவர் 2011இல் மறைந்தார். அடுத்த ஆண்டே காற்று மீண்டும் திரும்பியதுதான் விந்தை. 2012இல் மைக்ரோசாப்ட் தன் விண்டோஸ் இலச்சினையின் அலையும் ஒளியும் நிழலும் துடைத்து, நான்கு நீலக் கட்டங்களாகத் தட்டையாக்கியது. 2013இல் ஆப்பிள் தன் கைப்பேசித் திரையிலிருந்த பளபளப்பையெல்லாம் வழித்தெறிந்தது. ஏ.டி. அண்டு டி.யின் கண்ணாடிக் கோளம் 2015இல் மீண்டும் வெறுங்கோடுகளுக்குத் திரும்பிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் கூகுள் தன் எழுத்துகளின் நுனிக்கொக்கிகளைக் களைந்தது. பழைய இலச்சினைக்கு ஏறத்தாழ 14,000 பைட் தேவைப்பட்ட இடத்தில், புதியதன் ஒரு வடிவத்துக்கு 305 பைட் போதும் என அந்நிறுவனத்தார் கணக்குச் சொன்னார்கள். வோக்ஸ்வாகன் 2019இலும், பி.எம்.டபிள்யூ. 2020இலும் தத்தம் உலோக மினுக்கத்தைக் கைவிட்டன. மாஸ்டர்கார்டு 2019இல் தன் பெயரையே நீக்கி, ஒன்றையொன்று மேவிய இரு வட்டங்களே போதும் என்றது. காரணம் கைப்பேசி. சுண்டுவிரல் நகத்தளவு கட்டத்துள் நிற்க வேண்டிய இலச்சினைக்கு நிழலும் ஒளியும் சுமை. அன்று சுவரும் இரப்பர் முத்திரையும் விதித்ததையே இன்று சிறு திரை விதிக்கிறது. ஆணியும் நூலும் கொண்டு எழுதத்தக்க வடிவங்கள் மறுபடி வந்துவிட்டன, எழுதத்தக்கவர்தாம் இல்லை.

இப்புதிய எளிமையையும் யாம் முற்றும் போற்றுவோமல்லோம். முன்னைய எளிமை ஒன்றைப் பிறிதொன்றினின்று வேறுபடுத்தும் பொருட்டு எழுந்தது. இன்றையதோ பலவற்றை ஒரே அச்சில் வார்த்துவிடுகிறது. ஆடை நிறுவனங்கள் பல, நூற்றாண்டுப் பழமையுடைய எழுத்துகளைத் துறந்து, கொக்கியற்ற தடித்த எழுத்தில் தம் பெயரை எழுதின. பெயரை மறைத்தால் எது எவருடையது என்று கூற இயலாது. பர்பெரி நிறுவனம் 2018இல் அவ்வழிச் சென்று, 2023இல் தன் பழைய குதிரைவீரனைத் தேடி எடுத்துவந்தது. கேப் என்னும் அமெரிக்க நிறுவனம் 2010 அக்டோபரில் வெளியிட்ட புதிய இலச்சினையை, மக்கள் எள்ளி நகையாடவே ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டது. விதியைப் பின்பற்றிய பின்னரும் விதி காப்பாற்றாத இடங்கள் உண்டு.

இலச்சினைகள் மாறுவதேயன்றி மறைவதும் உண்டு. சிண்டிகேட் வங்கியின் இலச்சினையில் ஒரு நாய் இருந்தது, நன்றிக்கும் காவலுக்கும் அடையாளமாக. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஊர்க் கிழவியர்க்கு அது ‘நாய் பேங்க்’. அறிஞர் குழு எவ்வளவு முயன்றாலும் வைக்கவியலாத பெயர்! 2020 ஏப்ரல் முதல் நாளன்று அவ்வங்கி கனரா வங்கியோடு இணைந்தபோது நாயும் விடைபெற்றது. செய்தித்தாளில் அதனைப் படித்த அன்று, நாயின் காதை எழுதுவது கடினம் என்று தந்தையார் முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது.

சென்ற ஆண்டு எம் துறையின் மாணவர் மன்றத்துக்கு இலச்சினை வேண்டுமென்று முடிவாயிற்று. இளங்கலை இரண்டாமாண்டு மாணவி ஒருவர் கைப்பேசியிலேயே வரைந்து கொணர்ந்தார். ஏடு, எழுத்தாணி, ஒளிவிளக்கு, விரித்த நூல், உதயசூரியன், கீழே அலை, சுற்றிலும் ஒரு வரிக் கொள்கை. திறமையான கைதான். நகத்தளவு சுருக்கிக் காட்டுமாறு கேட்டோம். அரிசியில் மொய்த்த எறும்புகள் போலிருந்தது. கருப்பு வெள்ளையில் காட்டுமாறு கேட்டோம். சூரியனும் அலையும் காணாமற் போயின. ஒவ்வொன்றாக எடுத்துவிடச் சொன்னோம். அவர் முகம் சுருங்கியது, “ஐயா, இதைச் சுவரிலா எழுதப்போகிறோம்?” என்று கேட்டார். வினா நேரே எம் நெஞ்சில் தைத்தது என்பதை அவர் அறியார். ஆம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். மறுநாள் ஒரு வட்டமும் அதனைக் குறுக்கே கடக்கும் எழுத்தாணியும் மட்டும் எஞ்சிய படத்தோடு வந்தார். எமக்கு நிறைவாயிற்று. துறைக் கூட்டத்தில் உடன் பணியாற்றும் பேராசிரியர்கள் விளக்கின்றித் தமிழா என்று கேட்டு விளக்கைச் சேர்த்தனர். நூலின்றிக் கல்லூரியா என்று கேட்டு நூலைச் சேர்த்தனர். இம்மலரின் அட்டையில் நீவிர் காண்பது அதுவே. மாணவி எம்மை நோக்கிப் புன்னகைத்ததை மட்டும் யாம் பதிவு செய்ய விரும்புகிறோம்.

இதன்பின் ஊருக்குச் சென்றிருந்தபோது, ஸ்டேட் வங்கிக் கிளை முன்பு இருந்த பழைய கட்டடத்தைக் கடந்தோம். கிளை எப்போதோ வேறு தெருவுக்குப் போய்விட்டது. அதன்பின் வந்த கடைகளின் விளம்பர ஃபிளெக்ஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சட்டத்தில் அறையப்பட்டிருந்தன. காற்றிலும் மழையிலும் அவை கிழிந்து தொங்க, கட்டட உரிமையாளர் சட்டத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பின்னால் சுவரில் ஒரு நீல வட்டம். வெளிறிய நீலம், இடப்பக்கம் சிறிது காரை பெயர்ந்திருந்தது. கீற்று நேராக இறங்கியது. உரிமையாளர் எம்மை அறிந்தவர். நாளை மறுநாள் வெள்ளையடிப்பு, பார்க்க வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று ஏணியைச் சாய்த்துத் தந்தார். ஐம்பத்தேழு வயதில் ஏணி ஏறுவது எளிதன்று, ஏறினோம். நடுவிலிருந்த வெள்ளை வட்டத்தில் பட்டி உதிர்ந்து, ஆணி அறைந்த துளை தெரிந்தது. எம் சுண்டுவிரலின் நுனி அதனுள் சரியாகப் பொருந்திற்று.